வலெட்டாவுக்கு மூண்டு டிக்கெட்

எங்கட சனத்துக்கு உல்லாசப் பயணம் விக்கிறது, சாப்பிட்டு எழும்பினவருக்குத் திரும்பச் சோறு போடுற மாதிரியான வேலை. வில் எண்ட இந்த ஐரோப்பிய நகரில ஒரு தமிழ்க் கடையின்ர பின்பக்கம், அரிசி மூட்டையளுக்குப் பக்கத்தில மேசை போட்டு விமான டிக்கெட் விக்கிறன். இந்தத் தொழிலில இருக்கிற நீங்கள் இப்பவே தலையாட்டத் தொடங்கியிருப்பியள்.

அங்க ஆர் இருக்கினம்?

தர்சினி இஞ்சயே பிறந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில நேர்ஸ். தாய் தகப்பன்ர கல்யாண நாளுக்கு அவையை எங்கயாவது கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாள். "அப்பா என்னோட கதைக்கிறதே இல்லை அன்ரி. நாலு நாள் ஒண்டா இருந்தாலாவது கதைப்பாரோ தெரியேல்லை" எண்டாள். எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. மால்டாத் தீவின்ர தலைநகர் வலெட்டாவைச் சொன்னன்.

அடுத்த நாள் தகப்பன் குணம் அண்ணை வந்தார். சிரிக்கிறதுக்கும் முதலாளியிட்ட லீவு கேக்கவேணும் எண்ட மாதிரி ஒரு முகம். படங்களைக் காட்டினன். மூண்டு பக்கமும் கடல், தேன் நிறக் கல்லு வீடுகள், மூடின மரப் பல்கனியள், படிக்கட்டாவே துறைமுகத்துக்கு இறங்குற தெருக்கள். பொறுமையாப் பாத்துப்போட்டுக் கேட்டார்: "எல்லாம் வடிவாத்தான் இருக்கு. அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

மதில்

ஒருத்தரும் இல்லை எண்டன். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு ஏன் போகவேணும் எண்டார். நான் விடுவனோ? சரித்திரத்தில இறங்கினன். துருக்கிப் படை மாதக்கணக்கா அந்தத் தீவை முற்றுகையிட்டது. அவங்கள் போன கையோட, இனி ஒருத்தனும் கிட்ட வரக்கூடாதெண்டு கிறிஸ்தவ வீரர்கள் ஒரு முழு நகரத்தையே கோட்டையாக் கட்டினவை.

அவர், ஆமி உள்ள இருந்து ஷெல் அடிச்ச யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில வளர்ந்தவர் எண்டது எனக்குத் தெரியாது. "கோட்டை பாக்கவோ தங்கச்சி? எங்களைத்தானே அவ்வளவு காலமும் கோட்டை பாத்துக்கொண்டிருந்தது."

மத்தியானம்

அண்ணையின்ர மனிசி ஒரு சொல்லுச் சொன்னா, அண்ணை போனார். சூட்கேசுக்குள்ள ரைஸ் குக்கரும் போனது.

துறைமுகத்துக்கு மேல இருக்கிற தோட்டத்தில ஒவ்வொரு மத்தியானமும் பீரங்கி வெடிப்பினம். அந்தக் காலத்தில அது கப்பலுகளுக்கு நேரம் சொல்ல. இப்ப அது சுற்றுலாக்காரருக்கு. வெடி வெடிக்குமெண்டு தர்சினியிட்டச் சொல்லித்தான் விட்டனான். இஞ்ச பிறந்த பிள்ளையெல்லோ, நல்ல வேடிக்கையெண்டு தாய் தகப்பனுக்கு முன்வரிசையில இடம் பிடிச்சிருக்கிறாள்.

வெடிச்சது. சுத்திவர நிண்ட ஆக்கள் கைதட்டினவை. தாய் குப்புற நிலத்தில. தகப்பன் மகளை இழுத்து விழுத்தி, அவளுக்கு மேல கவிழ்ந்து படுத்திட்டார். அவள் போனில அழுதழுது சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லுறன். அவளின்ர தலையைக் கையால மூடிக்கொண்டு, காதுக்குள்ள சொன்னாராம்: "பயப்பிடாத பிள்ளை. இது இஞ்சயிருந்து போற சத்தம், இஞ்ச வாற சத்தமில்லை."

வாங்கில்

அந்த ஊர் மனிசி ஒராள், நல்ல வயசு, தண்ணிப் போத்தலோட ஓடிவந்து அவையை அங்க கிடந்த பெஞ்சு வாங்கில இருத்தினா. அவவும் சின்னப்பிள்ளையில ரெண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சுக்குப் பயந்து, பாறையைக் குடைஞ்ச சுரங்கத்துக்குள்ள ஒளிச்சவவாம். தர்சினி அதைத் தமிழில சொல்லக் கேட்டுத்தான் அண்ணை வாய் திறந்திருக்கிறார். பின்னேரம் வரைக்கும் கதைச்சாராம். ஷெல் விழேக்க தன்ர தங்கச்சிக்கு மேல இப்பிடிப் படுக்க நேரம் கிடைக்கேல்லை எண்டதையும் சொன்னாராம். அப்பிடி ஒரு மாமி இருந்தது தர்சினிக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்த கிழமை அண்ணை கடைக்கு வந்தார். ஏச்சு விழப்போகுதெண்டு நான் ஒரு அரிசி மூட்டையை நேராக்கத் தொடங்கினன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அடுத்த வருசமும் வலெட்டாவுக்கே மூண்டு போடுங்கோ தங்கச்சி. அந்த மனிசிக்கு மிக்சர் கொண்டுபோகவேணும். இப்ப அங்க எங்கட ஆள் ஒராள் இருக்கிறா."

ஆக, சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு எங்கட சனத்திட்ட டிக்கெட் விக்க ஏலாது எண்ட என்ர கருத்தில இண்டைக்கும் மாற்றமில்லை.