ஐந்தாம் திருவிழாவின் உபயகாரி

என் அலுமாரியின் மேல்தட்டில், பதிகப் புத்தகங்களுக்குப் பின்னால், வேறொருவருடைய வங்கிப் புத்தகம் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, மஞ்சள் நூலால் கட்டப்பட்டிருக்கும். ஸ்கந்தபுரத்துக்கு அருகே நான் அதிபராக இருந்த பாடசாலையில், பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்த அம்மாவின் புத்தகம் அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கோயிலுக்குப் போகிறவர் போல நெற்றி நிறையத் திருநீறோடு என் வீட்டுக்கு வருவார். பொதியை எடுத்துக் கொடுப்பேன். கிளிநொச்சிக்குப் பேருந்தில் போய், நண்பகலுக்குள் திரும்பி வந்து, முன்போலவே கட்டி என் கையில் தருவார். நான் ஓய்வு பெற்ற பின்னும் அந்த வழக்கம் நிற்கவில்லை. நூலை அவிழ்த்து உள்ளே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிறர் பொருளைக் காப்பதும் ஒரு வழிபாடு என்று, கொஞ்சம் பெருமையோடுகூட, நினைத்திருந்தேன்.

சமையலம்மாவின் பெற்றோர் மலையகத்தில் கொழுந்து கொய்தவர்கள். கலவரத்தில் இருந்ததையெல்லாம் இழந்து வன்னிக்கு வந்து, யாரோ ஒருவருடைய காணியின் மூலையில் கொட்டில் போட்டுக் குடியேறினார்கள். அந்த மூலையில்தான் அவர் பிறந்தார், மணம் முடித்தார், கணவரை இழந்தார், மகளை வளர்த்தார். நட்ட மாவும் தோண்டிய கிணறும் அவர்களுடையவை. மண் மட்டும் அவர்களுடையதன்று. காணியின் சொந்தக்காரர் என்னிடம் படித்தவர், இப்போது கனடாவில் இருக்கிறார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, என் முன்னிலையிலேயே, ஊர் விலையிற் பாதிக்கும் குறைவான ஒரு தொகையைச் சொல்லி, என்னைக் காட்டினார். "அவ்வளவு சேர்ந்த அண்டைக்குச் சேரிட்டைச் சொல்லுங்கோ அம்மா. நான் வந்து காணி உறுதி எழுதித் தாறன்." அன்று முதல் சமையலம்மாவுக்கு வாழ்க்கையில் வேறு வேலை இருக்கவில்லை. விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பாடசாலை அடுப்பை மூட்ட வருவார். சேர்ந்ததெல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் போனது. அதை அறிந்தவர்கள் அவரும், இறைவனும், நானும்.

மகளுக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. கூட உண்டு கூட உறங்கும் பிள்ளையிடம் மறைப்பது அன்புக்கு அழகன்று என்று பலமுறை சொன்னேன். "உள்ளத்தில் உள்ளதெல்லாம் அறிகிற சுவாமிக்கு முன்னாலை நாங்கள் எதை ஒளிக்கலாம் பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சாமிக்குத் தெரிஞ்சா சாமி வந்து கேக்காதுங்கய்யா. மனுசருக்குத் தெரிஞ்சா கேப்பாங்க. கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் ஒங்க வீட்டுல வச்சிருக்கேன்."

பிறர்மேல் நம்பிக்கை இல்லாததால் அவர் மறைக்கவில்லை, தன்மேல் நம்பிக்கை இல்லாததால் மறைத்தார். இவ்வளவு தெளிவாக அவர் சொல்லியும் அன்று எனக்கு அது பிடிபடவில்லை. அறியாமையிற் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலிற் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பம் உபயகாரர். அன்றைய பூசைச் செலவும் அன்னதானமும் அவர்கள் பொறுப்பு. பூசை முடிவில் குருக்கள் அவர்களை அழைத்துத் தாம்பூலமும் தேங்காயுமாகக் காளாஞ்சி கொடுப்பார். அந்தப் பத்து நாளும் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடாநாட்டுக் குடும்பங்களின் கையில் இருந்தன. சமையலம்மாவின் சனம் சுவாமியின் சப்பறம் இழுப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், பந்தியின் கடைசியில் இருப்பார்கள். ஒரு வருடம் ஐந்தாம் நாளுக்குரிய குடும்பம் வெளிநாடு போய்விட்டது. அந்த இடம் வெறுமையாக நின்றது. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னர் சமையலம்மா என்னிடம் வந்து, முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து வைத்தார். காணிக்கான தொகை ஏறக்குறைய நிறைந்துவிட்டதாம். உறுதி எழுதுமுன் சுவாமிக்கு ஒன்று செய்ய வேண்டுமாம்.

"பேரு மட்டும் வேணாங்கய்யா. சாமிக்குத் தெரிஞ்சா போதும்."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டபோது மனமார ஒப்புக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் பகற்பூசையில் பதிகம் பாடி முடித்து, வழமைபோல ஒலிவாங்கியில் அறிவித்தல்களைச் செய்தேன். இன்றைய உபயம் பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அடியாருடையது என்றேன். பக்கத்தில் நின்ற கோயிற் செயலாளர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, வெளிநாட்டில் உள்ளவர்களுக்காகத் திருவிழாவை நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வாய் சும்மா இராது. "பேர் இல்லாத அடியார் ஆர் சேர்? சுவாமி தன்ரை செலவிலை தானே செய்யிறாரோ?" என்றார். சனம் சிரித்தது. தூணோடு சாய்ந்திருந்த ஒருவர், "கூச்சப்படுகிறவர் லண்டன்காரராத்தான் இருப்பார். இஞ்சை கடைசிப் பந்தியிலை இருக்கிறவை செய்வினமே?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில், பின்வரிசையில், சமையலம்மா தலை குனிந்திருந்தார்.

நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்திருக்கலாம். அடுத்த பதிகத்தைத் தொடங்கியிருக்கலாம். ஐம்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கும் அடியார்களுக்கும் முன் பேசிப் பழகிய நா எனக்குள் எழுந்து நின்றது. "அவ ஆரெண்டு சொல்லுறன், கேளுங்கோ" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. விடியுமுன் இடியப்பம் அவித்ததைச் சொன்னேன். ஒன்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, குடியிருக்கும் காணியைச் சொந்தக் காசில் வாங்கும் நிலைக்கு வந்ததைச் சொன்னேன். அதற்கு முன்னதாக இறைவனுக்குக் கொடுத்த அந்த மனத்தைச் சொன்னேன். கேட்டவர்களிற் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தூணோடு இருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். குருக்கள் சமையலம்மாவை முன்னே அழைத்துக் காளாஞ்சி கொடுத்தார். அவர் சனத்தில் அதைக் கைநீட்டி வாங்கிய முதல் ஆள் அவர்தான். நெஞ்சு நிறைந்து அவரைப் பார்த்தேன். தட்டை ஏந்தியவர் கண்ணை உயர்த்தவே இல்லை. பக்தியின் அடக்கம் என்று நினைத்தேன்.

மறுநாட் காலை கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. காணிக்காரர் நேரலையை முழுவதும் பார்த்திருந்தார். என் பேச்சை மனதாரப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "சேர், நான் அவவைப் பாவம், வழியில்லாத சனம் எண்டெல்லோ அந்த விலை சொன்னனான். இப்ப தம்பிமாரும் பார்த்திட்டினம். அவவிட்டை இவ்வளவு காசு இருக்கேக்கை ஏன் ஊர் விலைக்குக் குடுக்கக் கூடாதெண்டு கேக்கினம். அவைக்கும் பங்கிருக்கு, நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ."

சொல்ல முயன்றேன். இருப்பது பழைய விலைக்கு மட்டுமே போதும் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டார், மரியாதையாக மறுத்தார். மீண்டும் மீண்டும் அழைத்தேன். நான்காம் முறை அவருடைய மனைவி எடுத்து, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்றார். பின்னால் அவருடைய குரல் கேட்டது.

அதற்குள் சமையலம்மாவின் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. நான் போனபோது மகள் வேலிப் படலையடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். முந்தின வருடம் அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோக நேர்ந்தபோது, கையிற் காசில்லாமல் தன் தோட்டை அடைவு வைத்திருக்கிறாள். தோடு பிறகு மீளவே இல்லை. "நான் தோட்டைக் கழட்டேக்கை நீங்கள் பாத்துக்கொண்டுதானே அம்மா நிண்டனீங்கள்?" என்று தாயைக் கேட்டாள். என் பக்கம் திரும்பி, "ஊருக்கு மைக்கிலை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமோ சேர்?" என்றாள். மகள் உள்ளே போன பிறகு சமையலம்மா மிக மெல்லச் சொன்னார்: "அவ பேருலதாங்கய்யா எழுதுறதா இருந்தேன். எழுதின அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் காலில் விழத்தக்க நிலையில் நின்றேன். வயது தடுத்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ பிள்ளை என்று மட்டும் சொன்னேன். "ஐயா நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்றார். அந்தச் சொல்லை ஒரு வசையாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார்.

அடுத்த வாரம் மல்லாவியிலிருந்து அவருடைய தம்பி வந்தார். தவணைக்கு எடுத்த உழவு இயந்திரத்தைக் கம்பனிக்காரர் தூக்கிப் போக நாள் குறித்துவிட்டார்களாம். அவர் கேட்டார், இவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டாத காணிக்கு வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன் என்று பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்தார். வருடம் முடியுமுன் காணி வேறொருவருக்கு விலைப்பட்டது. மகள் குழந்தையோடு வவுனியாவில் தைப்பு வேலைக்குப் போய்விட்டாள். சமையலம்மா தம்பியின் வளவுக்குப் போனார். போகும்போது வங்கிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேரலையில் விட்டதை அழித்துவிடும்படி செயலாளரைக் கேட்டேன். "அழிக்கலாம் சேர். பாத்தவையின்ரை மனத்திலை அழியுமே? அதோடை, இந்த முறை அதுக்குத்தான் லைக் கூட" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பேசாமல் அழித்தார்.

அன்றிலிருந்து சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நெஞ்சிலும் கிடப்பதை அவன் அறிவான் என்று நாளும் பாடுகிறேன். அறிந்ததை அவன் ஒருவரிடமும் சொல்வதில்லை என்பதை அறுபத்தெட்டு வயது வரையில் நான் கவனிக்கவில்லை. ஆனாலும், மறைத்தது சரி என்று முடிவாகச் சொல்லவும் என்னால் இயலவில்லை. தோட்டைக் கழற்றிய மகளின் வெறுங்காது கண்முன் வருகிறது. சொல்லியிருந்தால் தோடு தப்பியிருக்கும், காணி தப்பியிராது. சொல்லாதிருந்ததில் மகள் போனாள். இரண்டையும் காக்கும் வழி ஒன்று இருந்திருக்குமா என்று கேட்கிறேன். விளக்குக்கு எண்ணெய் விட்டு வீடு திரும்புகிறேன்.

சென்ற மாதம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததை ஓர் உறையில் இட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மல்லாவிக்குப் போனேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொன்னேன். மனைவி தடுத்திருக்கமாட்டாள். பின் ஏன் மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தம்பி என்னைக் கண்டதும் ஓடிவந்து கதிரை போட்டார், சோடா வாங்கி வந்தார். முற்றத்தில் உழவு இயந்திரம் கழுவித் துடைத்து நின்றது. "அக்கா குடுத்த காசுங்கய்யா. அக்கா இல்லாட்டி இது இன்னிக்கு இங்க நிக்காது. வாறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார். கண் கலங்கச் சொன்னார். அவரைக் கள்வன் என்று வெறுக்கவும் எனக்கு வழியில்லாமற் போயிற்று.

சமையலம்மா மெலிந்திருந்தார். பாடசாலையைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், மாமரத்தை மட்டும் கேட்கவில்லை. மகள் இப்போது கதைக்கிறாளா என்று கேட்டேன். "பொங்கலுக்கு எடுத்தாங்கய்யா" என்றார். என் கை இரண்டுமுறை சட்டைப் பைக்குப் போனது. தம்பி எதிரே அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கக் கொடுத்தால் அது அவருக்குக் கொடுத்ததாகிவிடும். அவர் கேட்பார், இவர் கொடுப்பார். தம்பி எழுந்து போகவேண்டும் என்று வேண்டினேன். அவர் அன்பானவர், பெரியவரைத் தனியே விட்டுப் போகிறவரல்லர்.

மூவருமாகவே பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தோம். வெயிலுக்குத் தம்பி எனக்குக் குடை பிடித்தார். "ஐயா ஏதோ சொல்ல வந்தீங்க போல இருக்கே" என்றார் சமையலம்மா.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்."

அவர் என் சட்டைப் பையை ஒருகணம் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார். பேருந்து வந்தது. நான் ஏறி அமருமுன்னே தம்பி நடத்துநரிடம் காசை நீட்டி, "ஐயாகிட்ட வாங்கிறாதீங்க, நாங்க குடுக்குறோம்" என்று உரக்கச் சொன்னார். பேருந்தில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாங்கித் தந்த சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு, வீடுவரைக்கும் வந்தேன்.