ஹெப்னர் கடையின் நாலாம் மாடி

வெர்லீன் கேட்ஸ் இப்போது குடியிருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெண்களுக்கான தொப்பிகள் விற்றார்கள். விற்றவர்களில் அவளும் ஒருத்தி. அதற்கும் முன்னால், அங்கே ஒரு தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. கென்டக்கியில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் அன்று கறுப்பர்கள் யாருக்குமே இல்லை.

ஹெப்னர் கடை மெயின் தெரு முனையில் ஆறு மாடி உயரத்துக்கு நின்றது. துணிமணி, செருப்பு, கட்டில், கண்ணாடிச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். எங்களிடம் பணம் வாங்கிக்கொள்வார்கள். போட்டுப் பார்க்க மட்டும் விடமாட்டார்கள். என் அம்மா தன் தலையைச் சுற்றி ஒரு நூலை அளந்து முடிச்சுப் போட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவாள். வாங்கி வந்த தொப்பி சில சமயம் காதில் வந்து உட்காரும். திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

வெர்லீன் பத்தொன்பது வயதில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாலாம் மாடியில், விற்பனைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறையில்தான் வேலை. நசுங்கி வந்த தொப்பிகளை ஆவியில் காட்டி, விளிம்பை நிமிர்த்தி, இறகுகளைத் தடவிவிட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

"போட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்று ஒருநாள் என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். "அங்க வர்ற எல்லாத் தொப்பியும் மொதல்ல என் தலையில ஏறி எறங்கினதுதான். மேயர் வீட்டம்மா பவுசா போட்டுக்கிட்டு போறாளே, அது உட்பட."

"பிடிச்சா வேலை போயிடும்டி."

"கதவச் சாத்திட்டுத்தானே போடுறேன்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கல்லூரிப் பிள்ளைகள் இதை எதிர்த்துக் கடை வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தேவாலயச் சபையிலிருந்தும் போனோம். என் மேல் எச்சில் விழுந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க ஈரக் காலோடு நடந்தேன். இழுத்தடித்து, இழுத்தடித்து, அறுபத்து மூன்றில்தான் கடை இறங்கி வந்தது. இனி யாரும் எதையும் போட்டுப் பார்க்கலாம். அதோடு வெர்லீனைப் பின்னறையிலிருந்து கூடத்துக்கு விற்பனைப் பெண்ணாகக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அவளிடம் யாரும் வாங்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் அவள் கிட்டே வந்தாலே "வேற பொண்ணு இல்லையா?" என்பார்கள். எங்கள் ஆட்களோ அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இத்தனை வருஷம் அவமானப்படுத்திய இடத்துக்கு யாருக்குத்தான் போகத் தோன்றும்? காலை முதல் கடை மூடும்வரை அவள் கை கட்டி நின்றுவிட்டு வீட்டுக்கு வருவாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் வாசலில் வைத்துச் சொன்னாள்: "யாரும் வாங்கலைன்னா என்னை மறுபடியும் உள்ள அனுப்பிடுவாங்க. சூப்பர்வைசரம்மா சொல்லாம சொல்லிட்டா."

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் ஒடெஸா பெட்டிஃபோர்டு. சவ அடக்க ஏற்பாடு செய்யும் கடை வைத்திருந்தவரின் மனைவி. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. சபையில் பெண்கள் எல்லோருக்கும் அவர் ஒடெஸா அக்கா.

"சனிக்கிழமை யாருக்கெல்லாம் வேலை இல்ல?" என்று கேட்டார். "வேலை இருந்தாலும் பரவாயில்ல, வாங்க. நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு வாங்கடி. கையுறையும்."

ஒரு கூட்டமே போனோம். லிஃப்டிலிருந்து இறங்கியதும் கூடத்தில் பேச்சு நின்றது. ஒடெஸா அக்கா பெரிய கண்ணாடிக்கு முன்னால் இருந்த வெல்வெட் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் மிஸ் டேட் ஓடி வந்தாள்.

"நான் உதவட்டுமாம்மா?"

"நீங்க வேண்டாம், கண்ணு. எனக்கு மிஸ் வெர்லீன்தான் வேணும்."

எங்களில் ஒருத்தியை அந்தக் கடைக்குள் 'மிஸ்' என்று யாரும் அழைத்து அதுவரை நான் கேட்டதில்லை. வெர்லீன் வந்தாள். அக்கா நீலத் தொப்பியைக் கேட்டார், பிறகு மஞ்சள், பிறகு வலை வைத்தது, பிறகு மறுபடியும் நீலம்.

"இது என்னை ஒல்லியாக் காட்டுதா?"

"தொப்பியால அவ்வளவெல்லாம் முடியாதுக்கா" என்றாள் வெர்லீன். வாய் தவறி வந்துவிட்டது. அக்கா சிரித்த சிரிப்பில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம்; ஓரத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்திகூட வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இளஞ்சிவப்பில் ஒன்று வாங்கினேன். கண்ணாடியில் பார்த்து வாங்கிய என் முதல் தொப்பி. அன்று எங்களில் யாரும் வாங்காமல் கீழே இறங்கவில்லை. மறுவாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபைப் பெண்களும் வந்தார்கள். வெர்லீனைப் பின்னறைக்கு அனுப்பும் பேச்சு அதோடு போயிற்று.

நாலைந்து வருஷத்தில் ஊர் உலகமே தொப்பி போடுவதை விட்டுவிட்டது. வெள்ளைக்காரப் பெண்கள் வெறுந்தலையோடு தேவாலயம் போனார்கள். நாங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் முன்னால் போகும்போது தலையில் தொப்பி இல்லாமல் எப்படிப் போவது? மற்ற கடைகள் தொப்பிப் பிரிவையே இழுத்து மூட, ஹெப்னரில் மட்டும் அது ஓகோவென்று ஓடியது. மேனேஜர் ஸ்ட்ரவுட் அவளிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பாராம்: "மிஸஸ் கேட்ஸ், அடுத்த மாசம் உங்க பக்கம் எந்தச் சபையில விசேஷம்?" அதற்குள் அவளுக்கு ராஸ்கோவோடு கல்யாணம் ஆகி, அவளே அந்தப் பிரிவின் சூப்பர்வைசரும் ஆகியிருந்தாள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மால் வந்தது. எண்பத்திரண்டில் ஹெப்னர் கடையை மூடினார்கள். வெர்லீன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். ராஸ்கோ இறந்தார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பாள். ஜன்னல்கள் உடைந்து, நாலாம் மாடியில் புறாக்கள் போய் வந்துகொண்டிருந்தன.

இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று நகரசபை முடிவுக்கு வந்தபோது, எங்கள் சபையும் இன்னும் இரண்டு சபைகளும் சேர்ந்து, முதியவர்களுக்கு வீடுகளாக்கித் தாருங்கள் என்று மனு கொடுத்தன. கூட்டத்துக்கு அவளை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவள் பேச எழுந்ததும் ஓர் இளம் உறுப்பினர் மரியாதையாகவே கேட்டார்:

"அம்மா, உங்க ஜனங்களை அந்தக் கடை எப்படி நடத்துச்சுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. அது நிக்கணும்னு நீங்க ஏன் கேக்கறீங்க?"

"அப்படி நடத்தினது ஹெப்னர் குடும்பம். அவங்க போயாச்சு" என்றாள் வெர்லீன். "அந்தக் கடையைக் கடைசி வரைக்கும் ஓட்டினது எங்க காசு. இப்ப இடிச்சு வண்டி நிறுத்தப் போறோம்ன்றீங்க. எங்கிட்ட வண்டியே கிடையாதே, தம்பி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு கைதட்டியது. அவள் பேச்சால் மட்டும் கட்டடம் பிழைத்தது என்று சொல்லமாட்டேன். போதகர்கள் அலைந்தார்கள், வக்கீல்கள் அலைந்தார்கள், அரசு மானியம் வந்தது. ஆனாலும் அன்றைக்குக் காற்று திசை மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

வேலை முடிய மூன்று வருஷம் பிடித்தது. தூண்களையும் பளிங்குத் தரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியையும் சின்னச் சின்ன வீடுகளாகத் தடுத்தார்கள். வெர்லீனுக்கு நாலாம் மாடியிலேயே இடம் கிடைத்தது. வீடு காட்ட வந்த பையன் நல்லவன். அவளுடைய வயதைப் பார்த்து யோசனை சொன்னான்.

"பின்பக்கம் ஒண்ணு காலியா இருக்கும்மா. தெருச் சத்தமே கேக்காது. நிம்மதியாத் தூங்கலாம்."

"பின்பக்கத்துல நான் ஏழு வருஷம் இருந்துட்டேன், கண்ணு. முன்பக்கம் குடு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கொடுத்தான். ஆள் உயர ஜன்னல்கள், காலையில் வெயில், கீழே மெயின் தெரு முழுக்கத் தெரியும். முதல் நாள் வெறும் தரையில் நடுவில் நின்றுகொண்டு, இங்கே கண்ணாடி இருந்தது, இங்கே அக்கா உட்கார்ந்தார் என்று எனக்குக் காட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு எண்பத்தெட்டு ஆகிறது. நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் அது போர்வை, தலையணைப் பிரிவு. ஞாயிறு மதியம் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. எல்லாம் சுடச்சுட மேஜைக்கு வரும். அப்புறம் அவள் ஜெபம் பண்ண ஆரம்பிப்பாள். ஒடெஸா அக்காவுக்காக நன்றி, அந்தச் சனிக்கிழமை வந்த ஒவ்வொருத்திக்காகவும் பெயர் சொல்லி நன்றி, கடை வாசலில் அட்டையோடு நடந்த பிள்ளைகளுக்காக, ராஸ்கோவுக்காக, மேனேஜர் ஸ்ட்ரவுட்டுக்காகவும்கூட, பிறகு இப்போது லிஃப்ட் பழுதானால் ஓடிவரும் மனிதருக்காக.

"ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, வெர்லீன். கொஞ்சம் சுருக்கேன்" என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன்.

"அவருக்குத் தெரியும், டெல்பின். ஆனா என் வாயால கேட்டா அவருக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்ல? கண்ண மூடு. உன் பேரு இன்னும் வரலை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோழி ஆறியது.