மூன்றாம் ஓலை

ஞானாபரணம் ஐயர் 1986-இல் ஆவடியில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போதகராக மாற்றலாகி வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, குருமனையில் ஐயரம்மா இல்லை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் சபையார் பெரும்பாலும் நெல்லைப் பக்கத்துக்காரர்கள். அவர்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நல்ல பிரசங்கி. நோயாளிகள் வீட்டுக்குச் சைக்கிளில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஒவ்வொரு சேகரக் கமிட்டியும் அதே பேச்சில்தான் முடியும்.

"ஐயரே, ஏதேன் தோட்டத்துல ஆண்டவர் ஆதாமைப் பாத்து என்ன சொன்னாரு?" என்பார் செயலர் எபனேசர்.

"தோட்டத்தை ஒழுங்காப் பாத்துக்கோன்னாரு."

'மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல' என்ற வசனத்தை எதிர்பார்த்திருந்த கமிட்டி சிரித்துக் கலையும். இரண்டு வருடம் இப்படியே தப்பித்தார்.

1988-இல் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஐயருக்கும் மைக் செட் கன்னியப்பனுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தது. கன்னியப்பன் மேனாம்பேட்டுக்காரன், இந்து. ஞாயிறுதோறும் ஆம்ப்ளிஃபயரோடு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பான், கோயிலுக்குள் வந்ததில்லை. எபனேசர் கடிதத்தை ஐயர் கண்ணெதிரே கிழித்தார்.

"கல்யாணம் முடிஞ்சா எல்லா வாயும் தானா மூடிரும், ஐயரே. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்ட பெண் என் அக்கா சொர்ணம். தையல் டீச்சர், இருபத்தைந்து வயது. ஐயர் மாப்பிள்ளை என்றதும் அப்பா காப்பி ஆறுமுன் சரி என்றார். ஐயரும் தலையசைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் குருவானவரிடம் தெரிவிக்கவும் என்று. மாப்பிள்ளையே குருவானவர் என்பதால் வேறு ஐயரை அழைத்திருக்கலாம். "நம்ம கோயில்தானே, நீங்களே வாசிச்சிருங்க" என்றார் எபனேசர். முதல் இரண்டு ஞாயிறும் சபையே சிரித்து மகிழ்ந்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு குருமனைக்குப் போனாள். நாடாவால் ஜன்னல்களை அளந்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டாள். "இந்த ஜன்னலுக்கு நீலம் நல்லாருக்குமா?" என்று ஐயரைக் கேட்டாள். அவர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினான்கு வயது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிறன்று ஓலையை வாசித்து முடித்து நிமிர்ந்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை இருக்கிறது" என்றார்.

அத்தோடு மைக் நின்றுவிட்டது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முன்வரிசைகளில் இருந்த கமிட்டிக் குடும்பங்களுக்குக் கேட்டது. "தடை நான்தான். என் மனம் ஆண்கள் பக்கம்தான் போகும். மாற்றும்படி இருபது வருடம் தேவனிடம் கேட்டேன், மாற்றவில்லை. இந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை." ஆராதனை முடிந்ததும் அவர்கள் தனியாகக் கூடி, கோயில் மானம் கருதி இது வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள். கேட்கப் போன அப்பாவிடமும் சொல்லவில்லை. பேராயர் அலுவலகம் ஒரே மாதத்தில் அவர் அங்கியைக் கழற்றியது. உத்தரவில் உடல்நலக் காரணம் என்று போட்டிருந்தது.

பின்வரிசைகள் தாமாகவே ஒரு தடையைக் கண்டுபிடித்தன. அக்காவுக்கு வலிப்பு என்றார்கள். பாளையங்கோட்டையில் ஒருவனோடு பழக்கம் என்றார்கள். ஓலை நின்ற பெண்ணைக் கேட்டு அப்புறம் ஒருவரும் வரவில்லை. இவள் என்ன செய்தாளோ என்று நானும் வருடக்கணக்காக நினைத்தேன்.

வடக்கே ஊர் ஊராக ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு 1997-இல் திரும்பி வந்தேன். ஐயர் நூம்பலில் ஒற்றை அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பூந்தமல்லியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது கன்னியப்பனும் அங்கே இருந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முன்வரிசையில் கேட்டதை அன்று ஐயர் சொல்லித்தான் அறிந்தேன்.

"நான்தாம்மா ஒயரைப் புடுங்கினேன்," என்றான் கன்னியப்பன். "தடைன்னதும் இன்னா சொல்லப் போறாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவரு நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்கா, உன் நல்லதுக்கா?" என்றார் ஐயர்.

"ரெண்டும்தான். இப்போ இன்னான்ற? உண்மைய சொல்லி இன்னாத்தக் கண்ட ஐயரே?"

அவன் போன பிறகு, "அவன் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஜெபம் வந்துச்சு," என்றார். "இப்ப அவன் வந்தாலும் வர்றதில்ல." ஞாயிறுகளில் இங்கே ஒரு கோயிலில் பின்னால் உட்காருகிறார். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போவதில்லை. யாராவது கூப்பிட்டால் போவாராம். ஒன்பது வருடமாக ஒருவரும் கூப்பிடவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்தார். சொர்ணத்திடம் குறையில்லை, தடை தன்னுடையது, இதைச் சபையில் வாசிக்கவும் என்று வருடந்தோறும் கமிட்டிக்குத் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அவர்கள் ஒருமுறையும் வாசித்ததில்லை. அக்காவிடம் கொடுக்கச் சொன்னார்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை வாசித்தாள்.

"முன்வரிசைக்காரங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றாள். "ஒன்பது வருஷமா தெரியும். எபனேசர் சம்சாரம் இப்பவும் என்கிட்டதான் ஜாக்கெட் தைக்கக் குடுக்கா."

"ஐயருக்கு ஏதாவது சொல்லணுமா?"

"நான் ஜன்னலை அளந்துகிட்டு நின்னேன்லா, அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாம்னு சொல்லு. சபைக்குச் சொல்லணும்னு தோணுச்சு, கமிட்டிக்கு எழுதணும்னு தோணுச்சு. எனக்கு ஒரு வரி எழுதத் தோணல."

அடுத்த வாரம் நூம்பலுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம், எனக்கு வரவில்லை. ஐயர் எழுந்து போய்த் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினார். "சொர்ணத்துக்கு" என்று தட்டினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுத்த எழுத்து விழும் சத்தம் கேட்கவில்லை.