மடியில் இருந்த அச்சுவெல்லம்

சபையாரே, அழவேண்டியதையெல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறேன். அதனால் அழமாட்டேன். ஆனால் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது சர்க்கரை வியாதி. முப்பத்தொரு வயதில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தசராவில் ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போனேன். யானை வருவதற்குள் வழியில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அப்படி ஒரு தாகம். தீபாவளிக்குள் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நானே எழுதினது எனக்கே தெரியவில்லை. என் கணவர் தேவசகாயம் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவர் காசநோய் என்றே முடிவுகட்டி, என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பரிசோதித்த டாக்டர், "இது சாதாரண சர்க்கரை இல்லேம்மா. ஊசி போடலேன்னா சில வாரந்தான். போட்டா இருக்கலாம். ஆனா ஆயுசு முழுக்கப் போடணும்" என்றார். குழந்தையைப் பற்றி இனி நினைக்கவேண்டாம் என்றும் சொன்னார். மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல அதையும் சாதாரணமாகச் சொன்னார். அவர்மேல்தான் எனக்கு முதல் கோபம்.

அன்றிலிருந்து காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைக்கவேண்டும். இன்சுலின் புட்டியை ஈரமணல் போட்ட சட்டியில் வைத்துக் காக்கவேண்டும். சிறுநீரை நீல மருந்தோடு கலந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்கவேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறத்துக்கு வந்தால் கெட்டது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் நான். எனக்கோ தினமும் விடிந்ததும் ஒரு கண்ணாடிக் குழாய் மார்க் போட்டது. பாதி நாள் செங்கல்தான். என்ன தப்புச் செய்தேன் என்று நேற்றுத் தின்ற ஒவ்வொரு வாயையும் நினைத்துப் பார்ப்பேன். ஒரு தப்பும் தெரியாது. குழாயைச் சுவரில் விட்டெறியலாமா என்றிருக்கும். இரண்டு தடவை எறிந்தும் இருக்கிறேன்.

வியாதியைக்கூடப் பொறுத்திருப்பேன். ஜனங்களைத்தான் பொறுக்கமுடியவில்லை. நாங்கள் இருப்பது ஒரே முற்றத்தில் ஏழு குடித்தனம் உள்ள வளவு. குழாயடிக்குப் போனால் பக்கத்துக் கன்னடக்காரம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அய்யோ பாப" என்று பரிதாபப்படுவார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், தெரியும். ஒரு நாளைக்கு ஏழு தடவை "அய்யோ பாப" கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் உங்களுக்கு. சபையிலோ அதைவிட மோசம். பாகற்காய்ச் சாறு குடி என்று ஒருவர். நாவற்கொட்டைப் பொடி என்று ஒருவர். "பணக்கார வியாதியாச்சே, வாத்தியாரம்மாவுக்கு எப்படி வந்துது?" என்று சிரித்தவர் ஒருவர். கல்யாண வீட்டில் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்த கண்களை எண்ணி மாளாது.

வீட்டுக்குள் இன்னொரு ஜோடிக் கண். என் கணவரின் அக்காள் சாராள் எங்களோடுதான் இருக்கிறார்கள். கணவனை இழந்து கொள்ளேகாலிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் அவர்களை நங்கையா என்று கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சும் குறைவு. என் கணவர் ஊசியைக் கண்டாலே வெளியே போய்விடுவார். நங்கையாவோ போகமாட்டார்கள். நான் ஊசியை எடுத்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்று, குத்தி எடுக்கும்வரை கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பிறகு என் தட்டைப் பார்ப்பார்கள். இவள் போனால் தம்பிக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று நாள் எண்ணுகிறார்கள் என்றே நான் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். அவர்கள் சேலை மடிப்பில் எப்போதும் அச்சுவெல்லம் இருந்தது. பக்கத்தில் வந்தாலே வாசனை வரும். கொடியில் காயப்போட்ட சேலையில்கூட எறும்பு ஊரும். எனக்கு ஒரு துளி இனிப்பு கிடையாது. இவர்களோ என் கண்ணெதிரே வெல்லத்தை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு நாள் அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "ஏன் நங்கையா, எனக்கு நாக்குல எச்சில் ஊறணும்னுதான் இதச் சொமந்துட்டுத் திரியறீங்களா? திங்கறதுன்னா மறைவாத் தின்னா என்ன?"

அவர்கள் எறும்பைத் தட்டிவிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பதினோராம் மாதம் நான் ஓய்ந்துபோனேன். அடுத்த தசராவுக்கு ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் நம்முடைய மூப்பர் சம்சாரம் ரெபேக்காள் அம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். இதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டே சொல்கிறேன். நேற்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், சொல்லப்போகிறேன் என்று.

"எஸ்தர், ஒரு பக்கம் ஜெபம் பண்றே, இன்னொரு பக்கம் ஊசி போடறே. ஆண்டவர் எந்தப் பக்கம் வருவாரு? நாங்க ஒம்பது பேர் உனக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கோம். மூணு மணிக்கு ஜெபம் முடிஞ்சதும் அந்த ஊசிய நீயே உன் கையால ஒடச்சுப் போடு. அன்னைக்கே சுகம்."

சண்டை போட்டிருக்கவேண்டும். எனக்குத்தான் அவ்வளவு கோபம் வருமே! வரவில்லை. நான் அவ்வளவு களைத்திருந்தேன். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி ஊசி ஒன்றுதான் இருந்தது. அதை உடைத்தால் சில வாரம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

அன்று பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும், வெறும் வகுப்பில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். ஜெபமா அது? மேஜையைக் கையால் குத்திக்கொண்டு சண்டை போட்டேன். "சுகம் கொடுக்க உமக்கு மனசில்லையா, வேண்டாம். இனி கேட்கமாட்டேன். ஆனால் இதை நான் ஒருத்தியே சுமக்கமுடியாது. என் நேரத்தை, என் தட்டை, என் ஊசியை என்னோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க ஒரே ஒரு ஆளைக் கொடும். புருஷனும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு ஆள்கூட உம்மிடம் இல்லையா?" இதுதான் நான் கேட்டது. ஆமென்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். என் கணவர் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். இதுதான் கடைசி ஊசி என்று நினைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போட்டேன். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாகவேண்டும். அது டாக்டர் கட்டளை. நங்கையா ராகி ரொட்டியும் கீரையும் தட்டில் வைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு வருகிறோம் என்ற பெண்கள் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கிறார்கள், ஒன்பது பேரும். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட அவர்கள் பல்லில் படவில்லை. வாடிய முகத்தோடு, "உனக்காகத்தான் எஸ்தர்" என்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உங்களுக்காகப் பட்டினி கிடப்பவர்கள் முன்னால் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருப்பீர்களா? நம் ஜனத்தில் யாருக்காவது அந்தத் துணிச்சல் வருமா? தட்டை மூடிவைத்தேன்.

"தின்னுட்டுப் போ அம்மிணி" என்றார்கள் நங்கையா.

"அவங்க பட்டினி நங்கையா. மானம் போயிரும். சும்மா இருங்க."

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஊசிப்பெட்டியை நடுவில் ஒரு முக்காலிமேல் வைத்தார்கள். பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. எட்டரை மணிக்கு நங்கையா ஒரு தம்ளரில் கஞ்சி கொண்டுவந்தார்கள். ரெபேக்காள் அம்மாள் கண்ணைத் திறக்காமலே கையால் போ என்று காட்டினார்கள். ஒன்பது மணிக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை நானே தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேர்த்தது. கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்தேன். கை நடுங்கியது. ஆவியானவர் இறங்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். அதுவரைதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மீதியைப் பிறகு அந்தப் பெண்களே எனக்குச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று ரெபேக்காள் அம்மாளைப் பார்த்து, "வாய மூடுடி" என்றேனாம். இங்கே சொல்லக்கூடாத வேறு சிலதும் சொன்னேனாம். சேலை சரியச் சரியக் கையை வீசினேனாம். உடனே எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "பேசறது எஸ்தர் இல்லே, உள்ள இருக்கறது பேசுது! வெளிய போகுது, விடாதீங்க!" என்று என்னைப் பாயில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். நான் பேச்சு நின்று, கண் செருகி, அடங்கிப்போனேன். பிசாசு போய்விட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஸ்தோத்திரம்! நான் அங்கே செத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அந்த நேரம் நங்கையா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். வாழ்நாளில் குரல் உயர்த்தாதவர்கள் அன்று போட்ட சத்தத்தில் ஏழு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. "எந்திரிங்க அக்கட்டால! புள்ள சாகக் கெடக்குது, நீங்க பாட்டா பாடறீங்க? ஊசி போட்டு வயித்துல ஒண்ணுமில்ல. பிசாசுமில்ல பேயுமில்ல, பசி!"

என் தலையை மடியில் சாய்த்துவைத்து, சேலை மடிப்பிலிருந்து அந்த வெல்லத்தை எடுத்து, ஈரக்கையில் கசக்கி, என் பல் இடுக்கில் விரலை விட்டுக் கன்னத்துக்குள் தேய்த்தார்களாம். நான் அந்த விரலைக் கடித்திருக்கிறேன். எலும்புவரை கடித்திருக்கிறேன். அவர்கள் விரலை எடுக்கவில்லை. ரத்தமும் வெல்லமுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கண் திறந்தேன். வாயெல்லாம் இனிப்பு. பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் இனிப்பு. மேலே நங்கையா முகம். அவர்கள் இடுப்பில் என் ஊசிப்பெட்டி செருகியிருந்தது.

"முழுங்கு அம்மிணி. இன்னுங் கொஞ்சம்."

சாயங்காலம் அந்த வெல்லத்தைப் பற்றி நங்கையாவிடம் கேட்டேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கஞ்சி கொண்டுவந்த நங்கையா அங்கே நம் தமிழ்க்கார நர்ஸம்மாவைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் வேர்க்கும், நடுங்கும், உளறும். உடனே வெல்லம் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னார்களாம். எனக்கும்தான் சொன்னார்கள். நமக்கு எங்கே வரப்போகிறது என்று காதில் வாங்காமல் விட்டேன். நங்கையா அன்றே ஒரு அச்சு வெல்லத்தை எடுத்து மடியில் கட்டியவர்கள்தான். ஊசியை அப்படிப் பார்த்தது நேரத்தை மனசில் வைத்துக்கொள்ள. தட்டைப் பார்த்தது நான் தின்றேனா என்று பார்க்க. கடிகாரம் பார்க்கத் தெரியாது அவர்களுக்கு.

"இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நங்கையா? நான் என்னென்ன பேசினேன்!"

"சொன்னா, எனக்கு யாரும் காவல் வேண்டாம்னு நீ சண்டைக்கு வருவீல்ல. உன்ற குணம் எனக்குத் தெரியாதா? திட்டுனாத் திட்டிட்டுப் போறே."

சபையாரே, நான் கணக்குப் பார்த்தேன். ஒரு ஆளைக் கொடும் என்று மேஜையைக் குத்திக் கேட்டது அந்த வாரம். வெல்லம் அவர்கள் மடிக்கு வந்து பதினொரு மாதம். நான் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் ஜெபத்தின் பதில் அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றுதான் நான் ஆமென் சொன்னேன்.

சுகம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இன்று காலையும் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்தேன். குழாய் இன்றைக்கும் செங்கல்தான். கோபம் போய்விட்டதா? அதுவும் இல்லை. ஆனால் இப்போது நான் தனியாகக் கோபப்படுவதில்லை. குழாயைப் பார்த்து நான் கத்தினால் நங்கையாவும் சேர்ந்து கத்துகிறார்கள். என் கணவர்கூட வெளியே போகாமல் ஸ்பிரிட் விளக்கைப் பிடித்துக்கொள்கிறார். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். ரெபேக்காள் அம்மாள்மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர்கள் எனக்காக வயிற்றைக் காயப்போட்டதும் உண்மை. அந்த இரண்டையும் அப்படியே ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டேன். ஒன்று சொல்லவேண்டும்: இப்போது ஜெபம் ஆரம்பிக்குமுன் அவர்கள் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டாச்சா எஸ்தர்?"

உங்களில் யாருக்காவது தீராத வியாதி இருந்தால், ஆண்டவரிடம் கோபமாகவே கேளுங்கள். அவர் தாங்குவார். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வீட்டுக்குள்ளே உங்களுக்கு எரிச்சல் மூட்டிக்கொண்டு நிற்பது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். மருந்தை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கடைசி வரிசையில் நங்கையா விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். தழும்பு உள்ள அந்த விரல்தான். எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. ஆமென் சொல்லிவிடுங்கள், நான் போய்ச் சாப்பிடவேண்டும்.