வலது கையில் யாளி

கப்பலில் இருந்த நான்கு வருடமும் நான் தமிழ் பேசியது வெங்காயத்தோடுதான். சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் எனக்கு வேலை. கூட இருந்தவர்கள் பத்து தேசத்துக்காரர்கள். என் பாஷை தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. உரிக்கும்போது கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த வேலையில் இருந்த ஒரே சௌகரியம் அது.

எழுபதுகளின் தொடக்கம். கப்பல் சிங்கப்பூரில் நின்ற ஒரு நாள், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பச்சை குத்தும் சீனக் கிழவரின் கடைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்கப் படங்கள். நங்கூரம், ரோஜா, பெண்கள், நடுவில் ஒரு டிராகன். பார்த்ததும் எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில், சாளுவன்குப்பம் புலிக்குகையில் வாயைப் பிளந்து நிற்கும் யாளிகள் ஞாபகம் வந்தன. அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவிடம் உதை வாங்கியவன் நான். அதே உருண்டைக் கண், அதே பல். ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

கிழவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு அதிலும் பாதி. இது தண்ணீருக்குள் இருப்பது, மழை தருவது, போட்டுக்கொண்டவனைக் கடல் விழுங்காது என்று கையாலும் கண்ணாலும் விளக்கினார். கப்பலில் பாதிப் பேர் டிராகன் போட்டுக்கொண்டு மார்தட்டியதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. வீரமாவது மண்ணாவது! எல்லாம் பயம். தனியாகக் கிடப்பவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கப்பல் கிளம்பும் வரை தினமும் போய், வலது தோளில் தொடங்கி மணிக்கட்டு வரை இடம் விடாமல் குத்திக்கொண்டேன்.

வேலையை விட்டுத் தூத்துக்குடியில் இறங்கினேன். வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, ரயிலேறி செங்கல்பட்டு வந்தேன். ஸ்டேஷனுக்கு என் மனைவி வந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீ கிளாஸை வாங்க அவள் கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பச்சையில் என் பெயர்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“ரேசன் கடையில ஒவ்வொரு தபாவும் பேரு கேக்குறான். எவனையாச்சும் கெஞ்சிக்கினு நிக்கணும். பேஜாரு. அதான் குத்திக்கினேன். கேட்டா கையைக் காட்டிடுவேன்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழுக்கைச் சட்டையை அவளே மேலே தள்ளினாள். வால், நகம், செதில் என்று விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“எம் பேரு எங்க கீது?”

நான் அசடு வழிந்தேன். “நம்ம புலிக்குகை யாளி மாரி கீது பாரு. கடல்ல காவலுக்குப் போட்டுக்கினேன்.”

“ஒனக்குக் காவலு கீது. நாலு வருசம் எனக்கு யாரு காவலு?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை என் முகத்திலேயே ஒட்டியிருந்தது. அந்தக் கடையில் அவள் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குப்பத்தில் என் கைக்கு ஏக மவுசு. “அண்ணாத்த, காட்டு காட்டு” என்று மொய்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. சோறு போட்டாள், பேசினாள், எதிலும் குறை வைக்கவில்லை. அந்தக் கையை மட்டும் அவள் தொடவே இல்லை.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பச்சை குத்தும் அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அவள் முன்னாலேயே இடது கையை நீட்டி, அவள் பெயரைச் சொன்னேன். எனக்கு அப்போது ஒரே பெருமை. இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“வாணாம்மா, குத்தாத” என்றாள் மனைவி. என்னைப் பார்த்து, “நான் கேட்டதுக்கப்புறம் குத்திக்கிறது எதுக்குய்யா?” என்றாள். கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள். பச்சை குத்தும் அம்மா ஊசியைத் துடைத்து வைத்தாள்.

அடுத்த மாதம் அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். மண்ணெண்ணெய் டின் என் கையில். கடைக்காரர் புது ஆள். “வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார். எடுத்துக் கொடுக்கத்தானே நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நடுக்கடலில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.