வாந்தி எடுக்க வைக்காதீங்க

எழுபதுகளின் நடுவில், ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் நடந்தது இது. அப்போது நான் திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை வீடு. மனைவி, நான், இரண்டு வயது முடிந்து ஓடியாடிக்கொண்டிருந்த எங்கள் மகள். அவ்வளவுதான் குடும்பம்.

என் மனைவி அரக்கோணத்தில் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் காலனிப் பெண்களுக்கு ஒரு நர்ஸ் முதலுதவி வகுப்பு எடுத்தாராம். இவளும் இரண்டு மாதம் போயிருக்கிறாள். வந்த புதிதில் எனக்கு ஸ்போக் கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்தால், சோப்புப் போட்டுக் கழுவித் துணி சுற்ற வருவாள். நான் கையை உதறிக்கொண்டு, "டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா" என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

கிருத்திகை என்றால் எங்கள் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. முதல் நாளே கூட்டம் வரத் தொடங்கிவிடும். அம்மையார்குப்பம், கனகம்மாசத்திரம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். அன்று காலை நான் ஒரு வீலைப் பிரித்து, அதிலிருந்த பால்ஸை, சின்ன இரும்புக் குண்டுகளை, கழுவ மண்ணெண்ணெய் எடுத்தேன். வழக்கமாகக் கழுவும் தகரக் கிண்ணம் ஓட்டையாகியிருந்தது. உள்ளே கை நீட்டி வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்து அதில் ஊற்றித் தரையில் வைத்தேன். அதற்குள் யாரோ சைக்கிள் கேட்டு வந்தார்கள். எழுந்து போனேன்.

திரும்பிப் பார்த்தபோது டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற மகளின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். வாயில் மண்ணெண்ணெய் வாடை. எவ்வளவு உள்ளே போயிருந்ததோ தெரியாது. ஆனால் நன்றாகத்தான் அழுதாள், மூச்சும் ஒழுங்காகத்தான் வந்தது. இதை நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில் எதுவும் யோசிக்கவில்லை. அவளைத் தூக்கித் தொடையில் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டேன்.

உள்ளே இருந்து மனைவி ஓடி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னாங்க, வேணாங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. மண்ணெண்ண மேல வர்றப்ப நெஞ்சுக்குள்ள பூந்துடும். சட்டையக் கழட்டிட்டு இப்படியே தூக்கிகினு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்தில் பூக்கடை வைத்திருந்தவர் ஒரு சொம்பில் உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வந்து, "இதக் குடு நைனா, எல்லாம் வெளிய வந்துடும்" என்றார். ஆளாளுக்கு "ஆங், குடு குடு" என்றார்கள்.

மனைவி மறுபடியும், "வேணாங்க, எங்க கிளாஸ்ல சொல்லியிருக்காங்க" என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. ரெண்டு மாசம் கிளாசுக்குப் போய்ட்டு வந்து எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றியா?"

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டேன். அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

உப்புத் தண்ணீரைப் புகட்டி, விரல் விட்டு, குழந்தையை வாந்தி எடுக்க வைத்தேன். நுரையும் மண்ணெண்ணெயுமாக வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள். எனக்கும் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரிதான் இருந்தது. உடனே இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கவே இல்லை. அழ முயன்றாள், சத்தம் வரவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்துக்கொண்டே போனது.

மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து, ஒருக்களித்துப் பிடித்து, முந்தானையால் வாயைத் துடைத்து, நனைந்த சட்டையை உருவிப் போட்டாள். "நடங்க" என்றாள். அவ்வளவுதான்.

ரோடு முழுக்கக் காவடி. எதிரே மேளமும் உடுக்கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் போக வழியில்லை. நான் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே ஓடினேன். "வழி வுடுங்க சாமி, கொழந்த, கொழந்த" என்று கத்தினேன். புஷ்பக் காவடி தூக்கி வந்தவர்கள் காவடியோடு ஓரமாக ஒதுங்கினார்கள். பின்னால் அவள் குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாடையை முகர்ந்ததுமே புரிந்துகொண்டார். ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வாந்தி எடுத்தாளா?"

"எடுத்தா சார்" என்றேன்.

"தானா எடுத்தாளா, யாராவது எடுக்க வெச்சீங்களா?"

தரையைப் பார்த்தேன்.

"நாங்கதான் சார் எடுக்க வெச்சோம்" என்றாள் மனைவி.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கொஞ்சமா குடிச்சது வயித்துல இருந்திருந்தா பெரிசா ஒண்ணும் பண்ணியிருக்காதும்மா. வாந்தியில மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடுச்சு. அதுதான் இப்ப கஷ்டம். பாக்கலாம்" என்றார். சொன்னதெல்லாம் அவளைப் பார்த்துத்தான். விவரம் தெரியாத பெண் என்று நினைத்து அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

காய்ச்சலும் மூச்சிழுப்புமாகப் பல நாள் கிடந்தாள் மகள். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து, "நைனா" என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். நான் வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தொடங்கியது. பூக்கடைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் புகழ் பாடினார். "சைக்கிள் கடைக்காரரு மட்டும் சமயத்துல வாயில விரல வுட்டு எடுக்கலன்னா பாப்பா பொழச்சிருக்குமா?" என்பார். வந்தவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் மறுக்கவில்லை. ஒருமுறை லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன். உள்ளே மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு எல்லாமே கேட்கும். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி கேட்கும்.

பிறகு ஒருநாள் பூக்கடைக்காரர் சொன்னார். "எங்க வூட்லயும் சின்னது நடக்க ஆரம்பிச்சிடுச்சு. எதுனா ஆனா நீ பண்ணின மாதிரியே நானும் பண்ணிடுவேன். கத்துக்கினேன்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"பண்ணாதப்பா. நான் பண்ணினது தப்பு. வாந்தி எடுக்க வெச்சதாலதான் பாப்பா அந்த நெலமைக்குப் போச்சு. டாக்டரே சொன்னாரு. எம் பொண்டாட்டி அப்பவே வேணாம்னு கையப் புடிச்சா. உன் எதிரதானே அவள சும்மா இருன்னேன்."

அவர் பூக்கட்டும் நாரைக் கிழித்தார். "உப்புத் தண்ணி கொண்டாந்தது நான்தானே" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை.

உள்ளே போனேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசியது கேட்டிருக்கும் என்று தெரியும். "என்னை மன்னிச்சுடு" என்று சொல்லத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என் மேலயும்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீங்க கத்தினதும் கைய வுட்டுட்டேன். உங்க கையில இருந்து புடுங்கிகினு ஓடியிருக்கணும். தெனமும் அதையே நெனச்சுகினு இருக்கேன்."

மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதெல்லாம் அழாதவள் அப்போது அழுதாள். நான் செய்த தவறுக்கு என்னைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ இத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று போல நான் வெட்கப்பட்டது இல்லை, அதற்கு முன்னும் பின்னும்.

அந்த வகுப்பில் சொன்னதையெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தாள். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் சின்னக் குழந்தையை எப்படிக் கவிழ்த்து முதுகில் தட்டுவது, மூச்சு நின்றால் வாயில் எப்படி ஊதுவது, சுட்டுக்கொண்டால் பேனா மை தடவாமல் எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றுவது என்று தலையணையை வைத்துச் செய்து காட்டினாள். முதலில் எனக்குக் கை சரியாக வரவில்லை. திருத்தினாள். பூக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். என் வீட்டில் அவள் குரல் அப்படித் தயங்காமல் ஒலித்து அன்றுதான் கேட்டேன்.

மகளுக்கு இப்போது அவள் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மார்கழிக் குளிரில் இன்றும் அவளுக்கு இழுப்பு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் முதலுதவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்; கற்றவர் பக்கத்தில் நின்று சொல்லும்போது, அது யாராக இருந்தாலும், நம் கையை விலக்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இந்த வயதிலும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.