சாமி அறையில் இருபத்தாறு பாகை

டோர்ட்மண்டில் ஓர் அண்ணையின் வீட்டில், கூரைக்குக் கீழே இருந்த அறை எனக்குக் கிடைத்தது. வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஹைசுங் வேலை தெரியுமோ?" என்று முதல் நாளே கேட்டார்.

"ஓம்" என்றேன்.

கொதிகலன், குழாய், சுவரோரம் நிற்கும் இரும்புப் பலகை எல்லாவற்றையும் சேர்த்து ஹைசுங் என்பதுதான் இங்குள்ள எங்கள் ஆட்களின் வழக்கம். நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஹைசுங் பூட்டுகிறவர்களோடு வேலை செய்திருக்கிறேன். பழைய பலகைகளை நாலாம் மாடியிலிருந்து தோளில் வைத்துக் கீழே இறக்குவது என் பங்கு. அவற்றின் எடை எனக்கு நன்றாகத் தெரியும். அவை எப்படிச் சூடாகின்றன என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய மாதம் ஓர் உணவகத்தின் சாமான் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தவன், "தெரியாது" என்று சொல்லி ஓர் அறையை இழக்க மாட்டான்.

அண்ணையின் கொதிகலன் நிலவறையில் இருந்தது. கொதிகலனில் குறை இல்லை. அதைக் கட்டுப்படுத்தும் பழைய பெட்டிதான் செத்துப்போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கக் கட்டடச் சாமான் கடைக்குப் போனோம். தட்டில் மூன்று வகை இருந்தன. ஒன்று வெளியே எவ்வளவு குளிர் என்று அளந்து அதற்கேற்பத் தண்ணீரைச் சூடாக்குவது.

"வெளியில குளிர் எண்டு எனக்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு மிசினோ?" என்று அண்ணை அதைத் தள்ளி வைத்தார்.

இரண்டாவது, சுவரில் ஒரு திருகு மட்டும். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது, அறையின் சூட்டை அளந்து, கம்பியே இல்லாமல் கொதிகலனுக்குச் சொல்வது. கைத்தொலைபேசியிலிருந்தும் ஆட்டி வைக்கலாம். அண்ணை அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, உங்கள் கொதிகலன் என்ன வகை என்று கேட்டாள்.

"வெள்ளை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அண்ணையின் தொலைபேசியில் கொதிகலனின் படம் இருந்ததால் தப்பித்தோம். பொருந்தும் என்றாள்.

கொதிகலனைத் திறந்து மின்கம்பியில் கை வைக்க எனக்குப் பயம். அதற்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். நிலவறையில் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, சூட்டை அளக்கும் துண்டை மட்டும் என் கையில் தந்தார். வீட்டில் எந்த அறையில் அதிக நேரம் இருப்பீர்களோ அங்கே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் கூட நேரம் இருக்கிறது சாமி அறையில" என்றார் அக்கா. அண்ணையின் மனைவி.

"நான் டிவிக்கு முன்னால" என்றார் அண்ணை.

நான் நியாயம் சொல்ல வேண்டியவனானேன். கூட வந்த தாளில் எழுத்து நிறைய. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஜெர்மன் எழுத்து நீளமாகத் தெரியும். படங்களைப் பார்த்தேன். எங்கே வைக்கக் கூடாது என்று குறுக்குக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். வெயில் படும் இடம், சன்னலோரம், வாசற்கதவோரம், தொலைக்காட்சிக்கு மேலே, அடுப்புக்குப் பக்கத்தில், நிற்கும் மின்விளக்குக்கு அருகில். டிவி அறை அடிபட்டுப் போனது. குசினியும் போனது. சாமி அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்ட சிறு அறை. சன்னல் இல்லை, வெயில் இல்லை, டிவி இல்லை, கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். குறுக்குக் கோடு போட்ட படங்களில் குத்துவிளக்கு இருக்கவில்லை.

அக்கா நல்ல நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் விளக்குக்கு நேர் மேலே, பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், நான்கு திருகாணி போட்டு இறுக்கினேன். அக்கா அதன் கண்ணாடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். பொட்டு சரியாகச் சூட்டைக் கூட்டும் பொத்தான் மேல் விழுந்ததால் அதற்குப் பிறகு சுவரில் எதையும் மாற்ற முடியவில்லை. போன்தான் கதி.

இரண்டு பேர் போனிலும் அதை ஆட்டி வைக்கும் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். அது என் இரண்டாவது பிழை. அக்கா குசினியிலிருந்து இருபத்திரண்டு வைப்பார். அண்ணை கக்கூசிலிருந்து பதினெட்டுக்கு இறக்குவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் கூப்பிடாமல் ஒரு வாரம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் இருபத்தொன்றில் சமாதானம் ஆனது. வீடு இதமாக இருந்தது. அண்ணை கோயிலில் என்னைக் காட்டி, "பொடியன் கெட்டிக்காரன்" என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது.

கந்தசஷ்டி வந்தது. அக்கா ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். அண்ணை ஒருநேரச் சோறு, மரக்கறியோடு. இரண்டு குத்துவிளக்கு, ஒவ்வொன்றிலும் ஐந்து திரி, ஆறு நாளும் அணையக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்பது அக்காவின் நேர்த்திக்கடன். ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டுக்கு எட்டுக் குடும்பம் வருவதாக இருந்தது.

இரண்டாம் நாள் வீடு குளிர்ந்தது. மூன்றாம் நாள் அண்ணை ஜாக்கெட் போட்டுக்கொண்டு டிவி பார்த்தார். நான் நிலவறைக்கு இறங்கிக் கொதிகலனைத் தட்டினேன். அது பேசாமல் நின்றது. பொருத்திய ஜெர்மன்காரருக்குப் போன் அடித்தால் மூன்று கிழமை கழித்துத்தான் வருவதற்கு டெர்மின் தந்தார்.

"இருபத்தாறு பாகை எண்டு காட்டுது" என்று அண்ணை போனை நீட்டினார். சொல்லும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது.

"குளிருதப்பா" என்றார் அக்கா.

"உங்களுக்குத்தான் குளிருது. வீட்டுக்குக் குளிரேல்லை. பாரும், இருபத்தாறு!" நிரூபிக்க ஜாக்கெட்டைக் கழற்றினார். இரண்டு நிமிடம் மானத்துக்காக இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், ஹைசுங் வேலை தெரியும் எண்டு சொன்னனியெல்லே? பாறணைக்கு ஆக்கள் வரமுதல் வீடு சூடாகோணும். இல்லாட்டி நீ வேற இடம் பாக்கலாம்."

கோபத்தில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். வெளியே கார்க் கண்ணாடிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பை கட்ட எனக்கு ஐந்து நிமிடம் போதும். போவதற்குத்தான் இடம் இருக்கவில்லை. உணவகக்காரர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இருந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் முழுவதும் ஒவ்வொரு அறைப் பலகையிலும் உள்ளே அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சீறி என் சட்டையை நனைத்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணை என்னை மனம் ஆற்ற வெளியே கூட்டிப் போனார். அதைப் பிறகு சொல்கிறேன். திரும்பி வந்து, ஈரச் சப்பாத்தோடு நடையில் நின்றபோது சாமி அறைக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். நாங்கள் இருவரும் குல்லாயோடு நிற்க, அவர் சேலைத் தலைப்பால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மெல்லத்தான் விளங்கியது. கதவிடுக்கால் கையை நீட்டினேன். உள்ளே யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதம்.

"அக்கா, பிழை இஞ்சதான். பத்துத் திரி எரியுது. அந்தச் சாமான் முழு வீடும் இப்பிடித்தான் இருக்கெண்டு நினைச்சு ஹைசுங்கை நிப்பாட்டிப் போட்டுது."

"விளக்கு அணைக்க ஏலாது. நகர்த்தவும் ஏலாது."

"விளக்கு இருக்கட்டும். அந்தச் சாமானைக் கழட்டி நடையில வைச்சாச் சரி. கம்பி இல்லைத்தானே."

"அப்ப போய்க் கழட்டும்."

நான் நகரவில்லை.

"என்ன நிக்கிறீர்?"

"நான் மச்சம் சாப்பிட்டனான் அக்கா. டோனர், இறைச்சி வைச்ச ரொட்டி."

"எப்ப?"

"இப்பதான்."

அக்கா என்னை முறைத்தார். வெறும் வயிற்றோடு ஐந்து நாள் இருப்பவர் முன்னால் டோனர் என்று சொன்னது தவறுதான். "எங்க? தனியவோ?"

நான் கூரையைப் பார்த்தேன். அண்ணை போனைப் பார்த்தார்.

"சரி, இஞ்சேருங்கோ, நீங்கள் போய்க் கழட்டுங்கோ" என்றார் அக்கா.

அண்ணை திருகாணி முறுக்கியை வாங்கிக்கொண்டு சாமி அறை வாசல்வரை போனார். நின்றார். முறுக்கியின் முனையைப் பார்த்து, அளவு பிழை என்றார். சரியான அளவுதான் என்றேன், வாயை மூடத் தெரியாமல். முழங்கால் நோகுது என்றார். கரண்ட் அடிக்கும் என்றார். பற்றரிதான் என்றேன். ஒரு காலைத் தூக்கினார். முருகன் படத்தைப் பார்த்தார். தூக்கிய காலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"என்னப்பா?"

அண்ணை திரும்பவில்லை. சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "சோஸ் போடாமத்தான் சாப்பிட்டனான்."



அக்கா முறுக்கியைப் பறித்துக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி நான்கு திருகாணிகளையும் கழற்றினார். முணுமுணுத்தது தேவாரமா, எங்களைப் பற்றியதா என்று தெரியவில்லை. சாமானைக் கொண்டுவந்து நடையிலிருந்த சப்பாத்துப் பெட்டி மேல் வைத்தார். இருபத்தாறு, இருபத்துநான்கு, இருபத்திரண்டு என்று எண் இறங்கியது. இருபதைத் தொட்டபோது நிலவறையிலிருந்து உறுமல் கேட்டது. நான் பலகையில் கையை வைத்தேன். அரை மணியில் அது சுட்டது.

"பார்த்தியே, சரியாக்கிப் போட்டம்" என்றார் அண்ணை.

"ஆர்?" என்றார் அக்கா.

அண்ணை உடனே விசயத்தை மாற்றினார். பிழையான இடத்தில் பூட்டியவன் நான்தான், சொன்னபடி நான் வேறு இடம் பார்ப்பதுதான் முறை என்றார். நான் பையை எடுக்கப் படியேறத் தொடங்கினேன்.

"தம்பி, நில்லும்" என்றார் அக்கா. "நீர் கேட்ட உடன சொன்னனீர். அந்த அறை உமக்குத்தான். இவர்தான் விரதம் முடியுமட்டும் கீழ் வீட்டில இருக்கக் கூடாது."

"அப்ப நான் எங்க போறது?"

"மேல போங்கோ. தம்பியோட."

தலையணையும் போர்வையுமாக அண்ணை என் பின்னால் ஏறி வந்தார். உள்ளே நுழைந்த உடனே சாய்ந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவியபடி என் ஒற்றை மெத்தையைப் பார்த்தார்.

"இதுக்குள்ள எப்பிடியடா இருக்கிறாய்?"

"குனிஞ்சு, அண்ணை" என்றேன். "சுவர்ப் பக்கம் நீங்கள் படுங்கோ."